மைக்கு அடியில் ஒரு தழும்பு

விளையாட்டு நினைவுப்பொருள்களைச் சேகரிப்போரிடையே 'ஆட்டத்தில் பயன்பட்டது' என்னும் தொடருக்கு மிகக் கறாரான பொருள் உண்டு. ஓர் ஆட்டக்காரருக்கென்று செய்யப்பட்ட மட்டை, அவர் பெயரைப் பொறித்துக் கடையில் விற்கப்பட்ட மட்டை, யாரோ நீட்ட அவர் கையொப்பமிட்ட மட்டை, வலைப்பயிற்சியில் மட்டும் அவர் பிடித்த மட்டை, களத்தில் நின்று அவர் உண்மையில் ஓட்டம் எடுத்த மட்டை ஆகிய ஐந்தும் சுவரில் மாட்டியபின் ஒன்றுபோலவே தோன்றும் என்றாலும், சேகரிப்பவர் தேடுவது ஐந்தாவதை மட்டுமே. மற்ற நான்கையும் ஐந்தாவதாக நம்பவைப்பதில்தான் அந்தச் சந்தையின் பெரும்பாலான பொய்கள் பிறக்கின்றன. அவற்றில் பாதி ஏமாற்று, பாதி வெறும் குடும்பப் பெருமை.

இந்த ஆராய்ச்சி ஒரு தொழிலாகவே வளர்ந்த இடம் அமெரிக்கா, அங்கே பொருள் பேஸ்பால் மட்டை. லூயிவில் நகரத்து ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி நிறுவனம் எந்த ஆட்டக்காரர் எந்த வடிவத்தில், எந்த எடையில் மட்டை கேட்டார் என்பதைப் பதிவேட்டில் குறித்துவந்ததால், கைக்கு வந்த மட்டையை எடைபோட்டு, முத்திரையைப் பார்த்து, அந்தப் பதிவோடு ஒப்பிட்டுவிட முடிகிறது. அதே நிறுவனம் 1905இல் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் கையொப்பத்தை மட்டையில் பொறிக்க ஒப்பந்தம் செய்துகொண்டதோடு, ஆட்டக்காரர் பெயருள்ள கடைமட்டை என்ற குழப்பமும் உடன் பிறந்துவிட்டது. நியூயார்க் யாங்கி அரங்கில் 1923இல் பேப் ரூத் முதல் ஹோம்ரன் அடித்த மட்டை 2004இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தகைய பணம் புழங்கும் இடத்தில் போலிகளும் புழங்கின. 1990களின் இறுதியில் அந்நாட்டுக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை கள்ளக் கையொப்பக் கும்பல்களை வளைத்துப் பிடித்தபின், 2001 முதல் பேஸ்பால் தலைமை லீக் ஆட்டம் நடக்கும்போதே சாட்சி ஒருவரை மைதானத்தில் நிறுத்தி, பொருள் கைமாறும் முன்பே எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரையை ஒட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

சென்னையின் கிரிக்கெட் மட்டைகளுக்கு இப்படிப்பட்ட பதிவேடும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆனால் மட்டைகள் ஏராளம். மயிலாப்பூரிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் பழைய வீடு ஒன்றை இடித்து அடுக்ககம் கட்டும்போதெல்லாம் பரணிலிருந்து பித்தளை அண்டாவோடும் கொலுப் படிக்கட்டுகளோடும் ஒரு மட்டையும் இறங்கிவரும் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, உள்ளூர் இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் தானே வாங்கிக் கொடுத்து, ஐரோப்பியர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்போடு மோதவைத்த காலத்திலிருந்தே இந்தப் பகுதியில் மட்டை என்பது ஒருவர் வாங்கி இன்னொருவர் ஆடி மூன்றாமவர் வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்துவந்திருக்கிறது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது இங்கிலாந்து வில்லோ மட்டை அரிய சரக்காயிற்று. சேப்பாக்கத்துக்கு வந்த வெளிநாட்டு அணியினர் ஊர் திரும்புமுன் விட்டுச்சென்ற அல்லது விற்றுச்சென்ற மட்டைகளை லீக் ஆட்டக்காரர்கள் போட்டியிட்டு வாங்கினர். ஆகவே மயிலாப்பூர் வீட்டில் ஒரு வெளிநாட்டுக்காரரின் மட்டை இருப்பதில் வியப்பு ஏதுமில்லை. எந்த வெளிநாட்டுக்காரர் என்பதுதான் கேள்வி.

நினைவைப் பொருளோடு சேர்த்து வைப்பதில் இந்த நகரத்துக்கு உள்ள அலட்சியத்துக்கு ஒரு சான்று உண்டு. புச்சிபாபுவின் மகன்களில் ஒருவரான சி. ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் 1936இல் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடிய மிகச் சிலரில் ஒருவர். அவர் 1985 அக்டோபரில் சென்னையிலுள்ள தம் வீட்டை விட்டு வெளியே சென்றவர், திரும்பவில்லை. எங்கே போனார், என்ன ஆனார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. ஒரு டெஸ்ட் ஆட்டக்காரரையே தொலைத்துவிட்ட ஊர், அவருடைய மட்டையை யாரிடம் கொடுத்தது என்று குறித்துவைத்திருக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது.

இங்கே சொல்லப்படும் நினைவுகளுக்கு உரியவர் மட்டைகளை ஆராயும் இந்தத் துறைக்கு வந்தது கல்வி வழியாகவோ வணிக வழியாகவோ அல்ல, மட்டை பழுதுபார்க்கும் இடத்தில் பள்ளி நாள்களில் நின்று வேடிக்கை பார்த்ததன் வழியாகத்தான். 1980களின் தொடக்கத்தில் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில், பகலில் வேறு வேலை பார்த்துவந்த முதியவர் ஒருவர் மாலை ஆறு மணிக்கு மேல் மட்டைகளுக்குக் கைப்பிடி மாற்றிக் கொடுப்பார். கைப்பிடியைப் பிரித்து எடுத்த மட்டைகள் அங்கே பல் பிடுங்கிய வாய்போல் வரிசையாகச் சாய்ந்திருக்கும். மட்டையின் அலகு வில்லோ மரத்தாலும் கைப்பிடி பிரம்பாலும் ஆனவை என்பதும், பிரம்பின் அடியை ஆப்புபோல் செதுக்கி அலகின் பிளவுக்குள் பசையிட்டு இறுக்குவதற்கே ஸ்பிளைஸ் என்று பெயர் என்பதும், அந்த இணைப்பு ஒருமுறை பிரிந்து ஒட்டப்பட்டால் அதன் கோடு இருண்டுவிடும் என்பதும் வேடிக்கை பார்த்தவருக்கு அங்கே தெரியவந்தவை. பிற்காலத்தில் அதே இருண்ட கோட்டைப் பார்த்து, 'கைப்பிடி மாற்றப்பட்டது. ஆகவே இதில் இன்று இருக்கும் பிடி அன்று பிடித்த பிடி அல்ல' என்று பல வீடுகளில் அவர் சொல்ல நேர்ந்தது.

முதியவருக்கு மட்டையின் முகத்தில் நம்பிக்கை கிடையாது. "மூஞ்சியப் பாக்காத தம்பி, டோவைப் பாரு. மூஞ்சிய எல்லாரும் தொடச்சு எண்ணெ போட்டு வெச்சிருப்பான். டோவை எவன் தொடைக்கிறான்?" என்பது அவர் அடிக்கடி சொன்னது. டோ என்பது மட்டையின் தரை தொடும் நுனி. பந்துக்காகக் காத்து நிற்கும் ஆட்டக்காரர் அதைத் தரையில் தட்டிக்கொண்டே இருப்பதால், எந்தத் தரையில் ஆடினார் என்பதை நுனி தன்னுள் வாங்கிக்கொள்கிறது. சேப்பாக்கம் போன்ற களிமண் ஆடுகளத்தில் தட்டிய நுனியின் இழைகளுக்குள் மண் ஏறிப் பழுப்பாகும். அந்த மண் எண்ணெயோடு சேர்ந்து இறுகிவிட்டால் நகத்தால் சுரண்டினாலும் வராது. சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவு ஆட்டங்கள் பல ஆண்டுகள் நடந்தது தென்னை நார் விரிப்பின்மேல், அதாவது பேச்சுவழக்கில் 'மேட்'டின்மேல். அங்கே உராய்ந்த நுனியில் மண் இராது, சீப்பு இழுத்ததுபோல நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் இருக்கும். மொட்டை மாடியிலும் தெருவிலும் ஆடிய மட்டையின் நுனியோ சிமென்ட்டில் தேய்ந்து துடைப்பம்போலப் பிரிந்து, சாம்பல் நிறப் பொடியை அடக்கியிருக்கும். உலகக் கோப்பையில் ஆடியதாகச் சொல்லப்பட்ட மட்டை ஒன்றின் நுனியில் சிமென்ட்டைக் கண்ட நாளில், அந்த வீட்டுக்காரரிடம் அதைச் சொல்வதைவிட அவர் கொடுத்த காபியைப் பாராட்டிவிட்டு எழுந்து வருவதே நாகரிகம் என்று தோன்றியது.

நுனிக்கு அடுத்தபடியாகப் பேசுவது விளிம்பு. மட்டையின் முகத்தை நம் பக்கம் திருப்பி, கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்தால், வலக்கை ஆட்டக்காரரின் வெளிவிளிம்பு நம் இடப்பக்கத்தில் வரும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். வெளியே விலகும் பந்து உரசிச் செல்வது பெரும்பாலும் வெளிவிளிம்பை என்பதால், நீண்ட நாள் ஆடிய மட்டையில் இந்தப் பக்கம் மற்றதைவிடக் கூடுதலாகக் கிழிபட்டிருக்கும். ஒரே ஒரு நாள் ஆடிய மட்டையில் இந்தக் கணக்கு செல்லாது; ஒரு பருவம் முழுதும் ஆடியதில் பெரும்பாலும் செல்லும். சிவப்புத் தோல் பந்து விட்டுச்செல்வது ஒரு கறையும் ஒரு தழும்பும். கறை என்பது தோலின் சாயமும் மெழுகும். தழும்பு என்பது பந்தின் நடுத் தையல் மரத்தில் அழுந்திய தடம், சில வேளை ஆறேழு தையல் புள்ளிகளை எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். டென்னிஸ் பந்து இரண்டையும் விட்டுச்செல்வதில்லை. அது மரத்தை மங்கலாகத் தேய்த்து மெருகேற்றுவதோடு சரி. கறையைப் போலியாக உண்டாக்குவது எளிது, பழைய பந்தை ஈரத்துணியால் தேய்த்து முகத்தில் இழுத்தால் போதும். தழும்பை அப்படி உண்டாக்க முடியாது. உண்மையிலேயே பந்தை அடிக்க வேண்டும், அப்படி அடித்தால் அது ஒருவகையில் ஆடிய மட்டையாகிவிடுகிறது!

உற்பத்தியாளரின் முத்திரை காலத்தைச் சொல்லும். பிரிவினைக்கு முன் துணைக்கண்டத்தின் விளையாட்டுப் பொருள் தலைநகரம் சியால்கோட். 1947க்குப் பின் அங்கிருந்த கைவினைஞர்களிலும் முதலாளிகளிலும் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் இடம்பெயர்ந்தனர். எஸ்ஜி என்று இன்று அறியப்படும் சான்ஸ்பரேல்ஸ் கிரீன்லாண்ட்ஸ் 1931இல் சியால்கோட்டில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் மீரட்டில் வேரூன்றியது. ஆகவே இந்தியக் குடும்பம் ஒன்றில் வழிவழியாக வந்த மட்டையில் சியால்கோட் என்ற பெயர் இருந்தால், அது பெரும்பாலும் 1947க்கு முற்பட்டது என்று கொள்ளலாம். முதுகில் பள்ளம் தோண்டிய மட்டை என்றால் கிரே நிக்கோல்ஸ் நிறுவனம் 1974இல் 'ஸ்கூப்' வகையைக் கொண்டுவந்த பிறகு அந்த வடிவம் பரவியதை நினைவில் கொள்ள வேண்டும். மறுபுறம் விளிம்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டும் பருத்த மட்டை, 2017 அக்டோபரில் அந்த எல்லை விதியாகும் முன் செய்யப்பட்டதாகவே இருக்கக்கூடும்.

முத்திரை காலத்தைச் சொல்லுமே தவிர ஆளைச் சொல்லாது. டான் பிராட்மேனின் கையொப்ப அச்சுடன் இங்கிலாந்தின் சைக்ஸ் நிறுவனம் விற்ற மட்டைகள் பேரரசின் எல்லா மூலைகளுக்கும் சென்றன. அவற்றில் ஒன்று மந்தைவெளியில் ஒரு வீட்டில் 'பிராட்மேன் கையெழுத்துப் போட்ட மட்டை'யாக மூன்று தலைமுறை வழிபாட்டில் இருந்தது. பிராட்மேன் இந்தியாவில் ஒரு போட்டியும் ஆடியதில்லை என்பதைச் சொன்னபோது, வீட்டுப் பெரியவர் சற்றும் தளராமல் அது கொழும்பிலிருந்து வந்தது என்றார். அது சாமர்த்தியமான பதில். ஏனெனில் ஆஸ்திரேலியக் கப்பல்கள் கொழும்பில் நின்று சென்ற காலத்தில் பிராட்மேன் 1930இலும் 1948இலும் அங்கே ஒருநாள் காட்சி ஆட்டங்களில் ஆடியது உண்மை. ஆனாலும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கையொப்பத்தின் கோடு எங்கும் ஒரே ஆழத்தில், ஒரே தடிமனில் ஓடியது. மனிதக் கை எழுதினால் எழுத்தின் தொடக்கத்தில் மை தேங்கும், முடிவில் மெலியும். அச்சுக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது.

அந்த உருப்பெருக்கி தியாகராய நகரில் வாங்கியது. நகைக் கடைகள் அடர்ந்த அந்தப் பகுதியில் கல் பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்குக் கண்ணாடி அது. வைரத்தில் கீறல் தேடுவதற்கு ஆனதை வில்லோவில் தையல் தேடுவதற்குப் பயன்படுத்துவதைக் கேட்ட கடைக்காரர் விலையில் பத்து ரூபாய் குறைத்தார்.

ஒட்டுவில்லைகளின் காலம் வந்தபின் சிக்கல் வேறு திசையில் முற்றியது. முன்பு பெயர் மரத்தில் அழுத்தப்பட்டது. பின்பு பெயர் மரத்தின்மேல் ஒட்டப்பட்டது, ஒட்டியதை உரிக்கவும் முடியும். 1996 உலகக் கோப்பையில் சச்சின் தெண்டுல்கர் விளம்பர ஒட்டுவில்லை எதுவும் இல்லாத மட்டையோடு ஆடினார். அதற்குப் பின் அவர் மட்டையில் ஏறிய எம்ஆர்எஃப் என்ற மூன்றெழுத்து, 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் பட்டறையாகத் தொடங்கி டயர் நிறுவனமாக வளர்ந்த சென்னைத் தொழிலகத்துடையது. அந்த எழுத்து மரத்தைச் செதுக்கியவரின் பெயர் அல்ல, விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர். பழைய வழக்கப்படி முத்திரையை வைத்து மரத்தை அடையாளம் காண முயல்பவர் இங்கே வழுக்கி விழுவார். சொந்தக்காரரும் ஆடியவரும் வேறாக இருப்பதும் உண்டு. நைரோபியில் 1996 அக்டோபர் 4 அன்று ஷாகித் அப்ரீடி இலங்கைக்கு எதிராக 37 பந்தில் சதம் அடித்தது, வக்கார் யூனிஸ் எடுத்துக் கொடுத்த தெண்டுல்கரின் மட்டையால் என்று அப்ரீடியே சொல்லியிருக்கிறார். அந்த மட்டையை 'தெண்டுல்கர் மட்டை' என்று பட்டியலிடுவதா, 'அப்ரீடி மட்டை' என்று பட்டியலிடுவதா என்று இரண்டு சேகரிப்பாளர்களிடம் கேட்டால் மூன்று விடை கிடைக்கும்.

இந்தக் குழப்பங்களைத் தாண்டுவதற்கு இன்று உலகெங்கும் நம்பப்படும் வழி ஒளிப்பட ஒப்பீடு. வில்லோ மரத்தின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ரேகைகள், 'கிரெய்ன்' என்று ஆட்டக்காரர்கள் சொல்பவை, மனிதக் கைரேகையைப்போல மட்டைக்கு மட்டை மாறுபடும். ஒரு கணுப் புள்ளி, ஒரு வளைவு, ரேகைகளின் இடைவெளி ஆகியவை படத்திலும் மட்டையிலும் ஒன்றினால் ஐயம் பெரும்பாலும் தீரும். சென்னையில் இதற்கான மூலப்பொருள் தாள்களாகக் குவிந்திருந்தது. 1968 வரை வெளிவந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்', 1978இல் தொடங்கிய 'ஸ்போர்ட்ஸ்டார்' இரண்டும் இந்த நகரத்தில் அச்சானவை. லஸ் முனைப் பழைய புத்தகக் கடைகளில் எடைக்கு வந்த அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுக்கிச் சேர்த்த கட்டு, பின்னாளில் அடையாறு காந்தி நகர் வீட்டில் ஓர் அறையின் பாதியை அடைத்து, மற்றப் பாதியிலிருந்த மனிதர்களுடைய பொறுமையைச் சோதித்தது. இதழின் அச்சில் படம் புள்ளிகளாகச் சிதறியிருப்பதால் ரேகை தெரியாது என்பதும், தெரிவது கைப்பிடி நாடாவின் சுற்று, விளிம்பின் கட்டு, ஒட்டுவில்லையின் கிழிசல் ஆகியவையே என்பதும் அந்த அறையைப் பாதி நிரப்பிய பிறகுதான் உறைத்தது.

2011 ஏப்ரல் 2 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மகேந்திர சிங் தோனி ஆட்டமிழக்காமல் 91 ரன் எடுத்த மட்டை, அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த அறக்கொடை விருந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. அந்தச் செய்தி நாளிதழ்களில் வந்த வாரத்திலிருந்து சென்னைப் பரண்கள் திறந்தன. மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து, வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், பழைய வேட்டியில் சுற்றிய மட்டை ஒன்றை ஆட்டோவில் மடியில் கிடத்தியபடி காந்தி நகருக்குக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை 1986இல் சேப்பாக்கத்தில் பார்வையாளர் பகுதியில் தொண்டராக இருந்தவராம். அந்த ஆண்டு செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த இந்திய ஆஸ்திரேலிய ஆட்டம், டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்கு அடுத்துச் சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம்; வெயிலில் வாந்தி எடுத்தபடியே டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 எடுத்ததும், 348 தேவைப்பட்ட இந்தியா 347இல் மணீந்தர் சிங்கை இழந்ததும், மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னோடு நின்றதும் அந்த ஆட்டத்தில்தான். அந்த ஆட்டத்தில் ஆடிய ஆஸ்திரேலிய இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் தம் மட்டையைத் தந்தைக்குக் கொடுத்ததாகவும், அணியினர் அதில் கையொப்பமிட்டதாகவும் குடும்பத்தின் கூற்று. அந்த நம்பிக்கை இன்னும் அந்த வீட்டில் உயிரோடு இருப்பதால் ஆட்டக்காரரின் பெயர் இங்கே தவிர்க்கப்படுகிறது.

மட்டையின் முகம் முழுதும் கறுப்பு நிறத் தடித்த பேனாவில் கையொப்பங்கள். பொதுவாகக் கையொப்ப மட்டை என்பது அதற்கென்றே வாங்கிய புது மட்டையாக இருக்கும். ஆடிய மட்டையின் அழுக்கில் மை ஒழுங்காகப் பிடிக்காது என்பதால் யாரும் அதை நீட்டுவதில்லை. இதிலோ கையொப்பமும் இருந்தது, அடிபட்ட தடமும் இருந்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றாகச் சுருங்கியது: மை முந்தியதா, அடி முந்தியதா?

கண்ணாடி வழியே அன்று மாலை கண்டதை ஆராய்ந்தவர் பின்னும் பலமுறை பலருக்கு விளக்கியதுண்டு. முகத்தின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு கையொப்பத்தின் நீண்ட அடிக்கோடு ஒரு தையல் தழும்பைக் குறுக்கே கடந்தது. தழும்பின் உதட்டில் மை ஒரு மயிரிழை தாவி விட்டுப்போயிருந்தது. பள்ளத்தின் அடியில் சிறு குளமாகத் தேங்கிக் கூடுதலாகக் கறுத்திருந்தது. எதிர்ச் சரிவில் மீண்டும் ஏறித் தொடர்ந்தது. பேனா முனை பள்ளத்தில் விழுந்து எழுந்ததன் தடம் அது. அங்கே பள்ளம் முதலில், மை பிறகு. அதற்கு நான்கு விரல் மேலே வேறொரு கையொப்பத்தில் நிலை மாறியிருந்தது: எழுத்தின் நடுவே மை மெருகேறிச் சாம்பலாகி, மரத்தோடு சேர்ந்து வட்டமாகத் தேய்ந்திருந்தது, தையல் இல்லை, சிவப்பு இல்லை. அது டென்னிஸ் பந்தின் வேலை. அங்கே மை முதலில், அடி பிறகு. நுனியைத் திருப்பினால் பழுப்பு மண்ணின்மேல் சிமென்ட் பொடி படிந்திருந்தது. ஆக, மட்டை முதலில் களிமண் தரையில் தோல் பந்தோடு உண்மையாக ஆடப்பட்டது. பிறகு கையொப்பம் பெற்றது. அதற்கும் பிறகு யாரோ சிறுவர்கள் மொட்டை மாடியில் அதை எடுத்து ஆடித் தீர்த்திருக்கிறார்கள். மூன்றாவது அடுக்கைப் பற்றிக் கேட்டதும் வங்கிக்காரர் முகம் சிவந்து, "நானும் தம்பியும்தான் சார்… அப்பா ஊர்ல இல்லாதப்போ," என்றார்.

அதுவரை எல்லாம் குடும்பக் கதைக்கு ஒத்தே வந்தது. விளிம்பில்தான் முரண் எழுந்தது. முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தபோது இடது விளிம்பு மேலிருந்து கீழாக எட்டு இடங்களில் கிழிந்து, இரண்டு இடங்களில் நைலான் நூலால் கட்டப்பட்டிருந்தது. வலது விளிம்பில் இரண்டே இரண்டு மங்கிய கறைகள். அந்த மட்டையை நெடுநாள் பிடித்தவர் வலக்கைக்காரர் என்பதையே தடங்கள் சுட்டின. கையொப்பங்கள் உண்மையாக இருக்கலாம், அந்த இடக்கைக்காரரே கூட அவற்றுள் ஒன்றை இட்டிருக்கலாம். ஆனால் மட்டை அவருடையதாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஓய்வறையில் யாருடையதோ பழைய மட்டை ஒன்று கைக்கு வந்திருக்கலாம், வலைப்பயிற்சியில் பந்து வீச வந்த உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் தம் மட்டையையே நீட்டிக் கையொப்பம் வாங்கியிருக்கலாம். கையிலிருந்த இதழ்க் கட்டுகளைப் புரட்டியதில், அந்த நூல் கட்டோடு ஒத்துப்போகும் படம் எதுவும் தென்படவில்லை.

கைப்பிடியின் ரப்பர் உறையைக் கழற்றினால் அடியிலுள்ள நூல் சுற்றில் முதலெழுத்துகளோ எடைக் குறிப்போ இருக்கக்கூடும் என்று சொல்லப்பட்டது. முன்பு சில மட்டைகளில் அப்படிப் பென்சில் எழுத்து கிடைத்ததுண்டு. ஆனால் கடற்காற்றில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்த ரப்பர் கழற்றும்போது உதிர்ந்துவிடும், பிறகு ஒட்ட முடியாது. வங்கிக்காரர் உறையைத் தடவிப் பார்த்தார், அதன் மேல்முனையில் வீட்டு மின்கம்பி வேலைக்குப் பயன்படும் கறுப்பு நாடா சுற்றியிருப்பதைப் பார்த்தார், வேண்டாம் என்றார்.

அறிக்கை தட்டச்சில் ஒரு பக்கத்துக்கும் குறைவாக வந்தது: தோல் பந்தில் ஆடப்பட்ட மட்டை; ஆடிய பின் கையொப்பமிடப்பட்டது; ஆடியவர் பெரும்பாலும் வலக்கை ஆட்டக்காரர்; ஆள் அடையாளம் நிறுவப்படவில்லை. வங்கிக்காரர் அதைக் கண்ணாடி போட்டு, வாடிக்கையாளரின் காசோலையைப் படிப்பதுபோல் இரண்டுமுறை படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"அந்த டீம்ல வலது கைக்காரர் எத்தனை பேர் சார்?"

பெரும்பாலோர் அப்படித்தான் என்று விடை சொல்லப்பட்டது.

"இருநூத்திப் பத்து அடிச்சாரே, அவர்?"

"அவரும் வலது கைதான்."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு மட்டையை வேட்டியில் கிடத்தி, ஒரு முனையை மடித்து, மறுமுனையை இழுத்து முடிச்சிட்டுக்கொண்டே, "பெரும்பாலும்னு போட்டிருக்கீங்களே, அத மட்டும் எடுத்துட முடியுமா?" என்று கேட்டார்.